இரண்டு ஒக்டோபர் முப்பது

இலங்கையில் நல்லிணக்கம் என்று எங்கே பதாகை கட்டினாலும் அது மூன்று மொழியில் இருக்கும். சிங்களவர் தமிழ் படிக்க வேண்டும், தமிழர் சிங்களம் படிக்க வேண்டும், மொழி தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று யாராவது ஒருவர் மைக் பிடித்துச் சொல்வார். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்துத் தெருவிலேயே ஒரு பிணக்கு கிடக்கிறது. அதில் இரண்டு தரப்பும் பேசுவது தமிழ். ஒரே பத்திரிகை வாசித்து, ஒரே சந்தையில் மீன் வாங்கி வளர்ந்த சனம். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத பிணக்கு என்பதாலோ என்னவோ, அதற்கென்று திட்டமும் நிதியும் பெரிதாக வந்து நான் பார்த்ததில்லை.

வடக்கு முஸ்லிம்களைச் சொல்கிறேன். அவர்களை வெளியேற்றுவது 1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கியது. பிறகு மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி. கடைசியாக ஒக்டோபர் 30 காலையில் யாழ்ப்பாண நகரம். ஒலிபெருக்கியில் அறிவித்து, முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருச் சனத்தை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் வெளியேற வேண்டும் என்றார்கள் விடுதலைப் புலிகள். கையில் 150 ரூபா, மாற்றுடுப்பு ஒன்று. வழியில் மறித்துச் சோதித்ததில் தோடு, காப்பு, பணம் எல்லாம் போனது. இரண்டு கிழமைக்குள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் இல்லாமல் போனார்கள். மன்னாரில் தமிழர் சிலர் இயக்கத்திடம் போய் நியாயம் கேட்டது பதிவாகியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கதவிடுக்கால் பார்த்தோம்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தவர் சோனகதெருக்காரர். அந்த வருடம் தைக்கக் கொடுத்த துணியும் அவரோடு போய்விட்டது என்று அம்மா கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். மனிதரைப் பற்றிக் கேட்கப் பயம், துணியைப் பற்றிப் பேசலாம். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தை விளங்கிக்கொள்ள அது போதும்.

இதை எழுதினால் உடனே கிழக்கைக் கொண்டுவருவார்கள் என்று தெரியும். சரி, கொண்டுவருவோம். 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேல் செத்தார்கள். ஆகஸ்ட் 12 ஏறாவூர். அதே நாட்களில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் மீது முஸ்லிம் ஊர்காவல் படை பாய்ந்தது. செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டானில் இராணுவம் குழந்தைகளோடு சேர்த்து ஊரையே அழித்தது. அந்தக் கோடையில் கிழக்கில் எந்தக் கிராமத்துக்கும் மற்றக் கிராமத்தின் மேல் ஒரு கணக்கு இருந்தது. வடக்கில் அப்படி ஒன்றும் இல்லை. சோனகதெரு இரும்புக் கடைக்காரருக்கும் வீரமுனைக்கும் என்ன சம்பந்தம் என்று முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டும் எனக்கு யாரும் பதில் சொன்னதில்லை. "உளவு பார்த்தவை" என்பார்கள். தொட்டில் பிள்ளையுமா?

இன்னும் பின்னால் போனால் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனில் போய் நிற்கும். இங்கத்து முஸ்லிம்களான சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் அவர் கட்டுரை வாசித்தார். முஸ்லிம் தரப்பில் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுத்து எழுதினார். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு இராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியது முஸ்லிம்கள் மனதில் இன்றும் ஆறாமல் கிடக்கிறது. தமிழ்ப் பக்கத்தில் அதைக் கேட்டால் பாதிப்பேருக்கு என்ன விஷயம் என்றே தெரியாது. காயம் பட்டவனுக்குத்தான் திகதி ஞாபகம் இருக்கும். இத்தனைக்கும் மாநகர சபை மேயராக ஒரு முஸ்லிம், எம்.எம். சுல்தான், ஐம்பதுகளில் இருந்த ஊர் இது. இலங்கை முஸ்லிம்களில் முதலாவதாக சிவில் சேவைக்குப் போன ஏ.எம்.ஏ. அசீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ் இந்துக் கல்லூரியில் படித்தவர்.

பிறகு ஐந்து வருடம் போனது. 1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கி வர, வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிடுங்கள் என்று அதே இயக்கம், அதே ஒலிபெருக்கியில், இந்த முறை எங்களுக்கு அறிவித்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் லட்சக்கணக்கான சனம் ஆளோடு ஆள் நசிந்து நகர்ந்தது. திகதி ஒன்று என்பதை அன்றைக்கே கவனித்தவர்கள் இருந்தார்கள். "சோனகச் சனத்தைக் கலைச்ச பாவம்" என்று பாலத்தில் வைத்து ஒரு கிழவி சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் அவரை அடக்கினார்கள். சொன்னது பொய் என்பதற்காக அடக்கியதாக எனக்குப் படவில்லை. முஸ்லிம்கள் போய்த் தங்கியிருந்த புத்தளத்து முகாம்களிலும் இதே பேச்சு, ஆண்டவன் காட்டிவிட்டான் என்று, அன்றைக்கு ஓடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு இந்தப் பாவக் கணக்கில் நம்பிக்கை இல்லை. ஆனால் இரண்டு சமூகமும் ஒருவரை ஒருவர் உள்ளுக்குள் நினைத்துக்கொண்ட முதல் இடம் அதுதான் என்று நினைக்கிறேன். வித்தியாசம் அடுத்த வருடம் தெரிந்தது. 1996 சித்திரை, வைகாசியில் நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பி வந்து வீட்டைக் கூட்டி அடுப்பு மூட்டினோம். அவர்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில், உப்பளத்திலும் கற்பிட்டி வெங்காயத் தோட்டத்திலும் கூலி வேலை செய்துகொண்டு, இன்னும் பதின்மூன்று வருடத்துக்குமேல் அங்கேயே இருந்தார்கள். அங்கேயும் உள்ளூர் முஸ்லிம்களுக்கு அவர்கள் 'அகதி'தான். பள்ளிக்கூடத்தில் இடம், கிணற்றில் தண்ணீர், கூலி வேலை எல்லாவற்றிலும் போட்டி. ஒரே மதம் என்பதும், ஒரே மொழி என்பதைப் போலவே, ஓரளவுக்குத்தான் தாங்கும்.

இடையில் 2002 வந்தது. ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் இந்த வெளியேற்றத்தைப் பற்றிக் கேட்டபோது, அது நியாயப்படுத்த முடியாத அரசியல் தவறு என்ற பொருளில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் பதில் சொன்னார். சில நாளில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் சந்தித்து ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த யூன் மாதமே மூதூரிலும் வாழைச்சேனையிலும் தமிழ்-முஸ்லிம் மோதல். ஒப்பந்தத்தை மேசையில் போட்டவர்களுக்கு, வாழைச்சேனைச் சந்தைக்கு யார் போய் அதை வாசித்துக் காட்டுவது என்ற யோசனை இருக்கவில்லை.

2009க்குப் பிறகு பலர் திரும்பி வந்தார்கள். உண்மையான கதை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். இதைத்தான் யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் இதில் துவக்கு இல்லை, கோப்புதான் இருக்கிறது.

அரசாங்கம் இடம்பெயர்ந்தவர்களை இரண்டாகப் பிரித்திருந்தது. 2008 ஏப்ரலுக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்கள் 'புதியவர்கள்', அதற்கு முந்தியவர்கள் 'பழையவர்கள்'. வன்னியில் கடைசி யுத்தத்திலிருந்து உடுத்த துணியோடு வந்து, மெனிக் பாம் போன்ற முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்த கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேரை முதலில் பார்க்கத்தான் வேண்டும். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 'பழையவர்' என்ற பெட்டிக்குள் போடப்பட்ட முஸ்லிம் குடும்பத்துக்கு முறை வரவே இல்லை. இந்திய வீட்டுத் திட்டம் வந்தது, 50,000 வீடு, ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா. அதைப் பெற நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். ஊரில் இருக்க வீடு வேண்டும். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் அலரிப் பற்றையும்தான் மிச்சம்.

ஆகவே என்ன நடக்கும்? தகப்பன் மட்டும் வந்து பள்ளிவாசலிலோ சொந்தக்காரர் வீட்டு விறாந்தையிலோ படுத்து, பழைய இரும்பு சேர்த்து விற்பார். தாயும் பிள்ளைகளும் புத்தளத்தில், பள்ளிக்கூடம் அங்கே என்பதால். கிராம சேவையாளர் வருகிறபோது அவர் இரும்பு பொறுக்கப் போயிருப்பார். 'நிரந்தர வதிவிடம் இல்லை' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டைப் போட்டது யாழ்ப்பாணத் தமிழர். சட்டப்படி சரியாகத்தான் போட்டார். பேனை பிடித்தவரிடம் வன்மம் இருந்தது என்று சொல்லமாட்டேன், பெரும்பாலும் இருக்கவில்லை. ஆனால் 1990இல் ஒலிபெருக்கி செய்ததில் ஒரு பங்கை 2010இல் அந்தக் கோடு செய்து முடித்தது. 2012 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாவட்டத்து முஸ்லிம்கள் இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

காணிப் பிரச்சினை இதைவிடக் கரடுமுரடானது. இலங்கைச் சட்டப்படி பத்து வருடம் தடையில்லாமல் ஒரு காணியை ஆண்டுவந்தால் அதற்கு உரிமை கோரலாம். இருபது வருடம் வரவே விடாமல் தடுக்கப்பட்டவனுக்கு இது என்ன நியாயம்? 2016இல் ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தார்கள்: 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களால் தன் காணிக்குப் போக முடியாமல் இருந்தவருக்கு அந்தக் காலம் கணக்கில் சேராது. நல்ல சட்டம். ஆனால் காணி உறுதிப் பத்திரம் வேண்டுமே! இரண்டு மணி நேரத்தில் வெளிக்கிட்டவர்களில் எத்தனை பேர் உறுதியைத் தேடி எடுத்தார்கள்?

இங்கேதான் நான் பார்த்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தபால்காரர், தமிழர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சோனகதெருப் பக்கம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவர். உறுதி இல்லாத ஒரு குடும்பம் எல்லை காட்ட ஆள் தேடிக்கொண்டு அவரிடம் போனது. ஒழுங்கைக்குள் வந்து நின்று, தடியால் மண்ணைத் தட்டிக்கொண்டு தொடங்கினார்: "இது ஹாஜியார் வளவு. அடுத்தது கலியாண மோதிரம் செய்யிற ஆளின்ர. அதுக்கங்கால கடிக்கிற நாய் நிண்ட வீடு, அதிலதான் நான் மணி அடிச்சுப்போட்டுத் தூர நிக்கிறது." குடும்பத்துப் பெரியவர் சிரித்துவிட்டார். "அது எங்கட நாய்தான் ஐயா!" நாயை வைத்து வேலி பிடித்தார்கள், வேலியை வைத்துக் கிணறு, கிணற்றை வைத்துப் பங்கு. பிறகு சத்தியக் கடதாசி முடித்துக் கையெழுத்து வைத்தார். அப்புறம் அவரைத் தேடி இன்னும் பலர் வரத் தொடங்கினார்கள். வீட்டில் மகன் பேசினானாம், உங்களுக்கேன் சோனகற்ற காணி வழக்கு என்று. "நான் கடிதம் குடுத்த வீடடா" என்றிருக்கிறார்.

இதுவும் ஓர் உரையாடல்தான். எந்த அறிக்கையிலும் வராது. தபால்காரர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவர் கேட்க வேண்டியதும் இல்லை. இந்த வீடு இங்கே இருந்தது, இதில் இன்னார் இருந்தார்கள் என்று மற்றச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சொன்னார். திரும்பி வந்தவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது அதைத்தான்.

மண்டபக் கூட்டங்களுக்கும் போயிருக்கிறேன். கழுத்தில் பெயர் அட்டை, சுவரில் பெரிய தாள், நிறம் நிறமான பேனை, குழுவாகப் பிரிந்து 'சமாதானம் என்றால் என்ன' என்று எழுதுவது. கேலி செய்யவில்லை, அந்த மண்டபம் இல்லாவிட்டால் பலர் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனால் பேச்சு நடப்பது தேத்தண்ணி இடைவேளையில். அப்படி ஓர் இடைவேளையில், கையில் ரோல்ஸ் வைத்துக்கொண்டு, முஸ்லிம் பெரியவர் ஒருவர் ஒரு தமிழ் மாஸ்ரரிடம் கேட்டார்: "எங்கட வீட்டுச் சாமானெல்லாம் பிறகு வித்தவையாமே. நீங்களும் வாங்கினீங்களா மாஸ்ரர்?" கோபத்தோடு கேட்கவில்லை, சந்தை விலை விசாரிப்பதைப் போல்தான் கேட்டார்.

விற்றார்கள்தான். அலுமாரி, தையல் மெஷின், சைக்கிள். பிறகு ஓடு, தீராந்தி, நிலைக்கதவு என்று வீடுகளையே கழற்றினார்கள். பொருளாதாரத் தடைக் காலம், சனம் வாங்கியது. மாஸ்ரர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு தன் மைத்துனர் வீட்டில் ஒரு மெஷின் இருந்ததாகச் சொன்னார். 95 இடம்பெயர்வில் அதுவும் போய்விட்டது என்றார். "அப்ப அது ரெண்டு தரம் களவு போயிருக்கு" என்றார் பெரியவர். இருவரும் சிரித்தார்கள், ஆனால் மாஸ்ரருக்கு அந்தச் சிரிப்பு முழுதாக வரவில்லை. பின்னேரக் குழு வேலையில் அவர் வாயே திறக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். வராமல் விட்டவர்கள் அநேகம்.

அரசியல்வாதிகளில் எம்.ஏ. சுமந்திரன் இதை இனச்சுத்திகரிப்பு என்று பகிரங்கமாகச் சொன்னார், தமிழ்த் தரப்பிலேயே நிறைய வசை வாங்கினார். 2013 மாகாணசபைத் தேர்தலில் கிடைத்த இரண்டு போனஸ் ஆசனங்களில் ஒன்றைத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அஸ்மின் அய்யூபுக்குக் கொடுத்தது. இவை சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதே காலத்தில் முல்லைத்தீவில் என்ன நடந்தது? முள்ளியவளையில் முஸ்லிம் குடும்பங்களுக்குக் காட்டுக் காணி பிரித்துக் கொடுக்கப் போகிறார்கள் என்று தமிழர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் இருபது வருடத்தில் நாலு குடும்பமாகத் திரும்பினார்கள். பழைய வளவு கால் ஏக்கர். பிள்ளைகளுக்குக் காணி வேண்டும். பக்கத்தில் தமிழ்க் குடும்பத்துக்கும் அதே கதை, அதுவும் யுத்தத்தில் எல்லாம் இழந்துவிட்டு. 'முஸ்லிம் அமைச்சர் தன் ஆட்களுக்குக் கொடுக்கிறார்' என்ற சந்தேகம் சும்மா வந்ததும் இல்லை, காணியை அலுவலகம் கொடுக்காமல் அமைச்சர் கொடுத்தால் அப்படித்தான் பார்ப்பார்கள். காணி இல்லாத இரண்டு சனம் ஒரே காட்டுத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றது, வரைபடம் வைத்திருந்தவர் கொழும்பில் இருந்தார்.

மன்னார்த் தெற்கில் இது இன்னும் அப்பட்டம். மறிச்சுக்கட்டிப் பக்கம் முஸ்லிம்கள் விட்டுப்போன காணிகளில் காடு வளர, 2012இல் அதை ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் போட்டார்கள். திரும்பி வந்தவர்கள் வில்பத்துத் தேசியப் பூங்காவை அழிப்பவர்கள் ஆனார்கள். சிலாவத்துறையில் முஸ்லிம்களின் காணியில் கடற்படை முகாம். கொஞ்சத் தூரத்தில் முள்ளிக்குளம், தமிழ்க் கத்தோலிக்கக் கிராமம், அங்கேயும் 2007 தொடக்கம் கடற்படை. இரண்டு ஊரும் ஒரே படையிடம் காணி கேட்டுப் போராடின, தனித்தனியாக. சேர்ந்து ஒரு மனு எழுதினால் என்ன என்று அங்கே ஒருவரிடம் கேட்டேன். "அவையின்ர பிரச்சினை வேற" என்றார். இரண்டு பக்கமும் அதே பதில்தான் வந்திருக்கும்.

சேர்ந்து நின்றதும் நடந்தது. கொவிட் காலத்தில் இறந்த முஸ்லிம்களையும் எரித்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் பிடிவாதம் பிடித்தது. 2020 டிசம்பரில் பிறந்து இருபது நாளான பிள்ளையையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரியில் கிழக்கின் பொத்துவிலிலிருந்து வடக்கின் பொலிகண்டி வரை தமிழர்கள் உரிமை கேட்டு நடந்தபோது, எரிப்பதை நிறுத்து என்ற கோரிக்கையும் பட்டியலில் இருந்தது. கிழக்கில் முஸ்லிம்கள் வந்து கூட நடந்தார்கள். நாட்டில் பலருக்கு அது நம்பமுடியாத காட்சி. அடுத்த மாதமே அரசாங்கம், சரி புதைக்கலாம், இரணைதீவில் புதையுங்கள் என்றது. பல வருடம் கடற்படையிடம் இழந்து, 2018இல் தாங்களாகவே படகேறிப்போய் மீட்ட தமிழ் மீனவர்களின் தீவு அது. அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். முஸ்லிம் தரப்பும் எங்களுக்கு அந்த இடம் வேண்டாம் என்றது. கடைசியில் ஓட்டமாவடியில் புதைத்தார்கள். இரண்டு சனத்தையும் மோதவிடப் பார்த்த ஓர் ஏற்பாடு பிசகிப்போனதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். யாரும் அதற்கு முன் பயிற்சிப் பட்டறை நடத்தியிருக்கவில்லை.

கொழும்பிடம் நாங்கள் என்ன கேட்கிறோம்? நடந்ததை ஒத்துக்கொள், காணாமல் போனவர்களின் பட்டியலைத் தா, காணியை விடு. நியாயமான கேள்விகள். இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் வடக்கு முஸ்லிமின் வாயில் எங்களைப் பார்த்தும் வருகின்றன. 1990இல் பிடித்து வைக்கப்பட்ட முஸ்லிம் வியாபாரிகளில் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு. 'அது இயக்கம் செய்தது, நாங்கள் இல்லை' என்ற பதிலை அவர்கள் ஏற்க வேண்டும் என்றால், 'அது அரசாங்கம் செய்தது, நாங்கள் இல்லை' என்ற சிங்களவரின் பதிலை நாங்களும் ஏற்க வேண்டிவரும். நான் அதை ஏற்கத் தயார் இல்லை.

இப்போது எங்கள் பக்கத்தில் நடக்கிற பேச்சு வாய்க்காலைப் பற்றியது. பொம்மைவெளி பள்ளமான நிலம், திரும்பி வந்த முஸ்லிம்கள் பலர் அங்கேதான் வீடு கட்டியிருக்கிறார்கள். மாரி வந்தால் வெள்ளம் அவர்கள் வீட்டுக்குள்ளும் வரும், அயலில் உள்ள தமிழர் வீட்டுக்குள்ளும் வரும். மாநகர சபைக்குச் சேர்ந்து மனு கொடுப்பதென்று பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் ஆட்கள் உட்கார்ந்தார்கள். எந்தப் பக்கத்தால் வெட்டினால் யார் வளவுக்குள் தண்ணீர் போகும் என்பதில் ஒரு மணித்தியாலம் சத்தம். மேசையில் அடித்தும் பேசினார்கள். மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்பது இன்னும் முடிவாகவில்லை, வாய்க்காலின் படத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போய்விட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மறுபடி கூடுகிறோம், மனுவின் பிரதியை நான் தட்டச்சு செய்து கொண்டுபோக வேண்டும்.